கன்சோல் கதவுக்குத் தரகர் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் கேம் டெவலப்மென்ட் படிப்புகள் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நல்ல கட்டுரைதான், ஆனால் அதில் ஒரு வரி: கன்சோலில், அதாவது எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன், நின்டெண்டோ போன்ற விளையாட்டுக் கருவிகளில், கேம் வெளியிட வெளிநாட்டுப் பப்ளிஷரும் (கேமை வெளியிட்டு விற்கும் நிறுவனம்) பல லட்ச ரூபாய் முதலீடும் கட்டாயம் என்று. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, கூடவே ஓர் ஒப்பந்தத் தாளையும் மடித்து வைத்துக்கொண்டு, கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் ஒரு தம்பி ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். "அக்கா, இதுல கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார். அந்தத் தாளைப் படித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் திருச்சியில் இருக்கிறேன். நானும் என் கல்லூரித் தோழியும் நான்கு வருடமாக வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து கேம் செய்கிறோம். தாயக்கட்டையை வைத்து ஒரு சின்ன புதிர் விளையாட்டு செய்து, ஒரு கன்சோல் ஸ்டோரில், நடுவில் யாரும் இல்லாமல், நாங்களே வெளியிட்டோம். பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடுத்த கேமுக்கான செலவை அது தாங்குகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்த ஒரு வரி தவறு. 2013க்கு முன்னால் அது பெரும்பாலும் உண்மையாக இருந்தது, இன்று இல்லை.

அன்று எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரியும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் அதன் முக்கிய ஸ்டோரான லைவ் ஆர்கேடில் கேம் போட ஒரு பப்ளிஷர் வழியாகத்தான் போக முடியும். நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கான ஸ்டோரான வீவேரில் தனி அலுவலகம் வேண்டும், வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு அனுமதி இல்லை. பிழை திருத்தும் பேட்ச் போடக்கூடக் கட்டணம் இருந்தது. ஃபெஸ் என்ற கேமைச் செய்தவர்கள் 2012இல் ஒரு பேட்ச் போட்டார்கள், அது நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களின் சேவ் ஃபைலை (விளையாடிய இடத்தைச் சேமிக்கும் கோப்பு) கெடுத்தது. அதைச் சரி செய்ய இன்னொரு பேட்ச் போட்டால் பல்லாயிரம் டாலர் ஆகும் என்று சொல்லி, அந்தப் பிழையோடேயே பழைய பேட்சைத் திரும்ப ஏற்றினார்கள். 2013இல்தான் எல்லாம் மாறியது. பேட்ச் கட்டணத்தை மைக்ரோசாஃப்ட் நீக்கியது, அதே ஆண்டு ஆகஸ்டில் சிறு டெவலப்பர்கள் தாங்களே வெளியிடுவதற்கான ஐடி அட் எக்ஸ்பாக்ஸ் என்ற திட்டத்தை அறிவித்தது, பிளேஸ்டேஷன் 4இல் டெவலப்பர்கள் தாங்களே வெளியிடலாம் என்று சோனி சொன்னது, நின்டெண்டோ வீட்டு அலுவலகத் தடையைத் தளர்த்தியது. 2016இல் நின்டெண்டோவின் டெவலப்பர் போர்ட்டலில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம் என்று ஆனது.

மூன்று இடத்திலும் விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. தம்பி கொண்டுவந்த தாளில் "கன்சோல் அக்கவுண்ட் திறந்து தருவதற்கு" 75,000 ரூபாய் முன்பணம் கேட்டிருந்தார்கள். அப்புறம் வருமானத்தில் நாற்பது விழுக்காடு. அதற்கும் கீழே சின்ன எழுத்தில், எல்லாத் தளங்களிலும் காலவரையில்லாத வெளியீட்டு உரிமை. அந்தப் பையனுடைய அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார், 75,000 என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும்.

சரி, அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும்? அந்தந்த நிறுவனத்தின் டெவலப்பர் பக்கத்தில் போய் விண்ணப்பம் போட வேண்டும். சில இடத்தில் தனி நபராகவே பதியலாம், சில இடத்தில் பதிவு செய்த நிறுவனம் கேட்பார்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள், அதை முழுசாகப் படியுங்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு டெவ் கிட்டை (கேமைச் செய்து சோதிக்க நிறுவனம் தரும் தனிக் கருவி) படம் எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைப்பதுகூட ஒப்பந்த மீறல்தான். கேம் பற்றி இரண்டு மூன்று பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒன்றிரண்டு நிமிட வீடியோ வேண்டும். இந்த வீடியோவில் ஆரம்பத்திலேயே விளையாட்டு தெரிய வேண்டும். நாங்கள் முதலில் அனுப்பியதில் இருபது விநாடி லோகோவும் இசையும்தான் ஓடியது, பதிலே வரவில்லை. இரண்டாவது முறை தாயக்கட்டை உருள்வதிலிருந்து தொடங்கினோம், அப்புறம் பதில் வந்தது. அதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நாள் முழுக்க இப்படி வீடியோ பார்க்கிற ஒருவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது.

இன்னொன்று. முதலில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் பிசிக்கு (கணினிக்கு) வெளியிட்டுவிட்டுப் போனால் பேச்சு சுலபமாகிறது. அங்கே ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும், விற்பனை 1000 டாலரைத் தாண்டினால் அந்தப் பணம் திரும்பி வந்துவிடும். கேமை முடித்து வெளியிடக்கூடியவர்கள் இவர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பிளேஸ்டேஷனுக்குப் போக நினைப்பவர்கள், இந்திய டெவலப்பர்களுக்காக சோனி 2023இல் அறிவித்த இந்தியா ஹீரோ ப்ராஜெக்ட்டையும் பார்த்து வைக்கலாம்.

இனி முக்கியமான இடம், சர்டிஃபிகேஷன், அதாவது வெளியிடும் முன் கன்சோல் நிறுவனம் செய்யும் சோதனை. நின்டெண்டோவில் இதற்கு லாட்செக் என்று பெயர், இதற்கான விதிப் பட்டியலை சோனியில் டிஆர்சி, மைக்ரோசாஃப்டில் எக்ஸ்ஆர் என்பார்கள். கேம் நன்றாக இருக்கிறதா என்று இங்கே யாரும் பார்ப்பதில்லை. அந்தக் கருவியில் ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். முழுப் பட்டியலை ஒப்பந்தப்படி நான் எழுத முடியாது, எல்லோருக்கும் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். விளையாடிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோலர் பேட்டரி தீர்ந்து போனால் என்ன ஆகும்? கருவியைத் தூங்க வைத்துவிட்டு மறுநாள் எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து ஓடுமா? சேவ் செய்ய இடம் இல்லாவிட்டால் கேம் நின்று போகுமா, இல்லை ஆட்டக்காரருக்குச் சொல்லுமா? பட்டன் பெயர்கள் அந்தந்தக் கருவிக்குச் சரியாக இருக்கின்றனவா? இது அற்ப விஷயம் மாதிரி தெரியும், ஆனால் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஏ கீழே, பி வலது பக்கம்; நின்டெண்டோவில் ஏ வலது பக்கம், பி கீழே. ஜப்பானில் பிளேஸ்டேஷன் 4 வரைக்கும் வட்டம்தான் சரி என்பதற்கான பட்டன், 2020இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோதுதான் அங்கேயும் பெருக்கல் குறி ஆனது. பிசியில் செய்த மெனுவை அப்படியே தூக்கிப் போட்டவர்கள் பலர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள்.

நாங்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டோம். முதல் முறை, தொடக்க வீடியோ ஓடும்போது கன்ட்ரோலரை அணைத்தால் கேம் ஒன்றும் சொல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. விளையாட்டுப் பகுதி முழுக்க நாங்கள் சோதித்திருந்தோம், அந்தப் பதினைந்து விநாடி வீடியோவில் சோதிக்கவில்லை. இரண்டாவது முறை, சேவ் நடக்கும்போது அணைக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை ஒரு திரையில் காட்டாமல் விட்டுப்போயிருந்தது. இரண்டுமே சரி செய்ய ஒரு நாள்கூட ஆகாத வேலை. ஆனால் திருத்தி அனுப்பினால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் நாட்கள் போகும், நடுவில் கிறிஸ்துமஸ் விடுமுறை வேறு வந்துவிட்டது. பொங்கலுக்கு வெளியிடுகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தோம், வந்தது பிப்ரவரி கடைசியில். அதனால் கேம் முடிந்த பிறகு குறைந்தது மூன்று மாதம் இதற்காகவே ஒதுக்கி வையுங்கள் என்று தம்பியிடம் சொன்னேன். அதைவிட நல்லது, கன்ட்ரோலரைப் பிடுங்குவது, தூங்க வைத்து எழுப்புவது, இந்த இரண்டையும் முதல் மாதத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செய்து பார்ப்பது. கடைசியில் போய்ச் சேர்ப்பது ரொம்பக் கஷ்டம், எங்கள் கோடில் அதற்காக நாற்பது இடத்தில் கைவைக்க வேண்டியிருந்தது.

கருவியின் திறனையும் மறக்கக் கூடாது. நின்டெண்டோவின் முதல் ஸ்விட்சில் மொத்த நினைவகமே 4 ஜிபி. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 16 ஜிபி, சீரிஸ் எஸ்ஸில் 10 ஜிபி, ஆனால் கேம் இரண்டிலும் ஓட வேண்டும். பால்டர்ஸ் கேட் 3 போன்ற பிரம்மாண்டமான கேமே இந்த எஸ்ஸில் திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதியைக் கொண்டுவர முடியாமல் திணறி, பிசியில் 2023 ஆகஸ்டில் வந்தது எக்ஸ்பாக்ஸில் டிசம்பரில்தான் வந்தது, அதுவும் எஸ்ஸில் அந்த வசதி இல்லாமல். அவர்களுக்கே அந்த நிலைமை என்றால் லேப்டாப்பில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு நாம் தேதி அறிவிக்கலாமா?

தமிழில் கேம் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கன்சோல்களின் மொழிப் பட்டியலில் தமிழ் கிடையாது. அதனால் எழுத்தைக் காட்டும் பொறுப்பு முழுக்க நம் கேமுடையது. நாங்கள் பயன்படுத்திய யூனிட்டி என்ற எஞ்சினில் (கேம் செய்யும் மென்பொருள்) எழுத்தைக் காட்ட வழக்கமாகப் பயன்படுத்தும் டெக்ஸ்ட் மெஷ் ப்ரோவில் "கெ" என்று போட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், "கொ" எழுத்திலும் கொம்பு இடம் மாறி நிற்கும். எங்கள் கேமின் முதல் திரையைப் பார்த்துவிட்டு என் அம்மா, "என்னடி இது, கொம்பெல்லாம் இடம் மாறிக் கிடக்கு" என்றார். கடைசியில் பழைய டிடிபி கடைகளில் பாமினி எழுத்துருவுக்குச் செய்வதைப் போல, யூனிகோடை வரிசை மாற்றி, கூட்டெழுத்துகளுக்குத் தனி இடம் ஒதுக்கி, நாங்களே ஒரு மாற்றி எழுதினோம். ஆறு வாரம் ஆனது. கோடோ 4 என்ற இன்னொரு எஞ்சினில் இந்தத் தொல்லை இல்லை, தமிழ் சரியாகவே வருகிறது. ஆனால் கோடோ திறந்த மூல மென்பொருள், கன்சோல் கருவிகளின் நிரலோ ரகசியக் காப்புக்குள் இருப்பது, அதனால் யூனிட்டி மாதிரி அதிகாரபூர்வ கன்சோல் வசதி கோடோவுக்குள் சேர்ந்து வருவதில்லை. டபிள்யூ4 கேம்ஸ் போன்று அதற்கென்றே இருக்கும் நிறுவனங்களிடம் போக வேண்டும். தமிழ் ஒழுங்காக வருகிற எஞ்சினில் கன்சோல் கஷ்டம், கன்சோல் சுலபமாக இருக்கிற எஞ்சினில் தமிழ் கஷ்டம். இதை முதல் நாளே தெரிந்துகொண்டு எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துரு விஷயத்திலும் கவனம் வேண்டும். விண்டோஸில் இருக்கும் லதா, நிர்மலா இரண்டையும் எடுத்துக் கேமுக்குள் வைக்க உரிமை கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த உரிமத்தில் இருக்கிறது, அதைத் தாராளமாக வைக்கலாம். டிவியிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்து படித்துப் பாருங்கள், நம் எழுத்தில் ண, ன, ள இவை ஆங்கிலத்தைவிடச் சீக்கிரம் கலங்கிப் போகும்.

இத்தனைக்கும் நடுவில் இது நடக்கிற காரியம்தானா என்று தம்பி கேட்டார். வெண்பா என்ற கேமைச் சொன்னேன். டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு, கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை இட்லியும் பிரியாணியும் சமைக்கிற விளையாட்டாகச் செய்து, 2023 ஜூலை கடைசியில் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், பிசி எல்லாவற்றிலும் தாங்களே வெளியிட்டார்கள். மறு வருடம் பிரிட்டனின் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேமுக்கான விருது, சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் முதன்மைப் பரிசு இரண்டையும் வாங்கியது. அந்தத் திரையில் தமிழ் எழுத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

வயது மதிப்பீடு பற்றிச் சுருக்கமாக. ஐஏஆர்சி என்ற பொது அமைப்பின் கேள்வித்தாளை நிரப்பினால் அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி, ஐரோப்பாவின் பெகி, ஜெர்மனியின் யுஎஸ்கே உட்படப் பல நாட்டு மதிப்பீடு ஒரே நேரத்தில் இலவசமாக வந்துவிடும். ஜப்பானின் செரோ இதில் சேராது. பதில்களை யோசித்து நிரப்ப வேண்டும். எங்கள் கேமில் திண்ணையில் உட்கார்ந்து பெரியவர்கள் காசு வைத்துத் தாயம் ஆடுவதாக ஒரு காட்சி இருந்தது. சூதாட்டம் உண்டா என்ற கேள்வி வந்ததும் இருவரும் ஒரு மாலை முழுக்கப் பேசி அந்தக் காட்சியையே எடுத்துவிட்டோம். ஆஸ்திரேலியாவில் 2024 செப்டம்பரிலிருந்து சூதாட்டம் போன்ற ஆட்டம் இருந்தால் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்றே ஆகிவிட்டது. குழந்தைகளும் ஆட வேண்டும் என்று செய்த கேமை அதற்காக இழக்க மனம் வரவில்லை.

அடுத்தது பணம். ஸ்டோர் பொதுவாக 30 விழுக்காடு எடுத்துக்கொள்ளும், இது எல்லோருக்கும் தெரியும். ஐரோப்பாவில் விலைக்குள்ளேயே வரி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஜெர்மனியில் 10 யூரோவுக்கு ஒரு கேம் விற்றால், 19 விழுக்காடு வரி போக 8.40, அதில் ஸ்டோர் பங்கு போக 5.88 யூரோதான் நம் கணக்கு. தள்ளுபடியில் பாதி விலைக்குப் போனால் அதிலும் பாதி. தம்பியின் ஒப்பந்தப்படி நாற்பது விழுக்காட்டையும் கொடுத்தால் 3.53 மிஞ்சும். அமெரிக்க வருமானத்துக்கு அந்நாட்டு வரித் துறையின் டபிள்யூ-8 படிவத்தில் நம் பான் எண்ணைக் கொடுத்து, இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கேட்க வேண்டும். கேட்டால் ராயல்டிக்கு 15 விழுக்காடு பிடிப்பார்கள், கேட்காவிட்டால் 30. அப்படிப் பிடித்ததை இங்கே கணக்கு காட்டும்போது கழித்துக்கொள்ளலாம், அதற்கென்று படிவம் இருக்கிறது, நல்ல ஆடிட்டர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஆன செலவில் மனசாரக் கொடுத்தது ஆடிட்டர் கட்டணம்தான்.

வங்கியில் ஒரு விஷயம். டாலர் வரும்போது எதற்கு வருகிறது என்று கேட்பார்கள். கேம் என்றதும் ஆன்லைன் ரம்மியா என்று கேட்டார் ஓர் அதிகாரி. 2023இல் நம் மாநிலத்தில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு அந்தச் சந்தேகம் வருவதைக் குறை சொல்ல மாட்டேன், பணத்தைத் தொலைத்து உயிரை விட்ட குடும்பங்கள் நம் ஊரில் இருக்கின்றன. ஆனால் இந்த இரண்டும் வேறு வேறு தொழில். ஸ்டோர் ஒப்பந்தம், மாதாந்திர விற்பனை அறிக்கை, கேம் பக்கத்தின் பிரதி, மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு முன்கூட்டியே கொண்டுபோய்க் காட்டுங்கள். நாங்கள் அப்படிச் செய்த பிறகு கேள்வியே வரவில்லை.

பப்ளிஷரே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல பப்ளிஷர் முன்பணம் தருவார், மொழிபெயர்ப்புக்கும் சோதனைக்கும் அவரே செலவு செய்வார், ஸ்டோரின் முகப்பில் இடம் வாங்கித் தர முயல்வார், அதற்காகப் பங்கு கேட்பது நியாயம். பணம் அவரிடமிருந்து நம்மிடம் வர வேண்டும். நம்மிடமிருந்து பணம் வாங்கிக்கொண்டு பங்கும் கேட்கிறவர் எந்தப் பெயர் வைத்துக்கொண்டாலும் தரகர்தான். ஒப்பந்தத்தில் எத்தனை வருடம், எந்தெந்தத் தளம், செலவைக் கழித்த பிறகு பங்கா அதற்கு முன்பா, ஒரு வருடத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை திரும்ப வருமா, இந்த நான்கும் தெளிவாக இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். முக்கியமாக, ஸ்டோர் கணக்கு யார் பெயரில் என்று கேளுங்கள். அவர் பெயரில் கணக்கு இருந்து அவர் போனை எடுக்காமல் போனால், உங்கள் கேமில் இருக்கும் பிழையை உங்களாலேயே திருத்த முடியாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படித்தான் ஒன்றரை வருடமாகத் தவிக்கிறார்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதை நேரில் பார்த்துவிட்டேன். அந்த ஒரு வரியைத் திருத்தி, விண்ணப்பம் இலவசம் என்பதையாவது அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் கல்லூரி சேர்க்கை தொடங்குவதற்கு முன்னால்.

தம்பி அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. புதன்கிழமை இரவு அவரே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதி, விளையாட்டிலிருந்து தொடங்கும் வீடியோவோடு விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை, காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கேம் செய்யும் ஒரு வாசகி,
திருச்சி